மூன்று பொட்டு வைத்த சம்பளச் சீட்டு

2 அக்டோபர் 2025, வியாழன்

இன்றும் ஒருத்தன் கேட்டிருக்கிறான். நூரம்பெர்க் தமிழர் வாட்ஸப் குழுவில், காலை ஏழரைக்கு, ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல்: "வருடத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் யூரோ. மனைவி, ஒரு குழந்தை. போதுமா?" போதுமாவாம். வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கிளம்பி வருகிறார்கள். யூரோவை நூறால் பெருக்கிப் பார்த்து, வந்த தொகையில் மயங்கி, பெட்டி வாங்கக் கடைக்குப் போய்விட்டு, அப்புறம் நம்மிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் ஒரே பதிலைத்தான் ஒட்டுவது: "முதலில் வாடகையை விசாரிக்கவும். பிறகு கனவு காணவும்." பதினொரு வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியிருக்கிறேன். சொல்லும் தகுதி இருக்கிறது.

வியாழனும் வெள்ளியும் எனக்கு வேலை இல்லை. ஜூனிலிருந்து அப்படித்தான். வேலையைக் கட்டிக்கொண்டு அழுவது நம் ஆட்கள்தான். ஜெர்மன்காரன் வாழத் தெரிந்தவன்.

மனைவி கோகிலா ஆறு மணிக்கே ரொட்டிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பொழுது போகவேண்டும். நான் காலி பாட்டில்களைக் கொண்டுபோய்க் கடை இயந்திரத்தில் போட்டேன். பாட்டிலுக்குக் கட்டிய முன்பணம் ஆறு யூரோ இருபத்தைந்து காசு திரும்ப வந்தது. பூங்கா பெஞ்சில் யாரோ விட்டுப்போன நான்கையும் சேர்த்துத்தான். சுற்றுச்சூழலுக்கு நல்லது.

இந்த டைரி மாமனார் அனுப்பியது. நம்பியூரில் தீவனக் கடை வைத்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் கீழே "கறவை மாடுகளுக்கு ஏற்றது" என்று அச்சடித்திருக்கிறது.

4 அக்டோபர், சனி

நம்பியூரிலிருந்து வீடியோ அழைப்பு. மாமனார், மாமியார், மைத்துனி சசிரேகா, அவள் புருஷன் சென்னியப்பன், அவர்களுடைய இரண்டு பெண்கள், ஆறு பேரும் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ நிச்சயதார்த்தம் போல முகமெல்லாம் பல். விஷயம் என்னவென்றால், சென்னியப்பனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

நான் முதலில் சிரித்துவிட்டேன். சென்னியப்பன் என் சகலை. பெருந்துறையில் ஒரு பம்பு கம்பெனியில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். பாலிடெக்னிக் படிப்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு. மளிகைக்கடை பில்லை வீட்டுக்கு வந்ததும் கூட்டிப் பார்த்து, பதினைந்து ரூபாய் கூடுதலாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போகிற ஆசாமி. அந்தப் பதினைந்து ரூபாய்க்கு அவனுடைய வண்டி எத்தனை ரூபாய் பெட்ரோல் குடிக்கும் என்பதை மட்டும் எழுதிக்கொள்ள மாட்டான் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு வருசமா ஆன்லைன்ல ஜெர்மன் படிச்சேனுங்ணா. பரீச்சையும் பாஸ் பண்ணீட்டனுங்" என்றான். யாரிடமும் மூச்சு விடவில்லை. கம்பெனி இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். மாதம் நாலாயிரத்து ஐநூறு யூரோ, பிடித்தத்துக்கு முன்னால். சம்மதமா இல்லையா என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "குடும்பத்தோட போயிப் பொழைக்க அந்தச் சம்பளம் பத்துமான்னு எங்களுக்கென்ன தெரியும்? பெரிய மாப்ள அங்கியே இருக்கறவரு. அவரு போதும்னாப் போதும். பத்தாதுன்னாப் பத்தாது. அதுக்கு மேல பேச்சில்ல." இது நியாயமான பேச்சு.

வீடியோ அழைப்புக்கென்று வீட்டில் ஒரு சுவர் வைத்திருக்கிறேன். புத்தக அலமாரி, ஒரு ஓவியம், விளக்கு. அதற்கு முன்னால்தான் உட்காருவது. ஜூலையில் வீடு மாறியதை இன்னும் ஊரில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? இது கொஞ்சம் சிறியது, பெருக்கித் துடைக்கச் சுலபம்.

5 அக்டோபர், ஞாயிறு

நாலாயிரத்து ஐநூறாம். ஒரு பழுது பார்க்கிறவனுக்கு. இந்த நாட்டில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான் போலிருக்கிறது.

9 அக்டோபர், வியாழன்

கோகிலாவைத் தாங்க முடியவில்லை. தங்கை வந்துவிட்டதாகவே முடிவு கட்டிவிட்டாள். எந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடம் நல்லது, எந்தக் கடையில் சின்ன வெங்காயம் கிடைக்கும் என்று தினமும் சசிரேகாவுக்குப் பாடம். ரொட்டிக்கடையில் விற்காமல் மிஞ்சிய ரொட்டியை வழக்கம்போலக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பிய்த்துத் தாளித்து உப்புமா மாதிரி ஒன்று செய்தாள். இந்த வாரத்தில் மூன்றாவது முறை. ருசியாக இருக்கிறது என்று சொன்னேன்.

மிருதுளா பதின்மூன்று வயதுக்கு அதிகமாகவே பேசுகிறாள். நேற்று சித்தப்பாவோடு போனில் ஜெர்மனில் பேசினாளாம். "அப்பா, சித்தப்பா பேசறது உங்களைவிட நல்லா இருக்கு. தப்பே இல்லை" என்றாள். புத்தக ஜெர்மன் அது. ரயில் நிலையத்தில் நின்று ஒரு பவேரியாக்காரனிடம் வழி கேட்கட்டும், அப்போது பார்க்கலாம்.

மனதில் இருப்பதை எழுதத்தானே டைரி. மாமனார் வீட்டில் நான் ஜெர்மனி மாப்பிள்ளை. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி விருந்து வைத்தால் முதல் இலை எனக்கு. நான் கை வைத்த பிறகுதான் பந்தி. சென்னியப்பன் சின்ன மாப்பிள்ளை. வாளியைத் தூக்கிக்கொண்டு குழம்பு ஊற்றுவான், கடைசிப் பந்தியில் சாப்பிடுவான். அவனுக்கும் அதில் குறையில்லை, எனக்கும் இல்லை. இப்போது ஒரே வீட்டில் இரண்டு ஜெர்மனி மாப்பிள்ளை என்றால் இலையை எப்படிப் போடுவார்கள்?

என் சம்பளம் மாதம் ஏழு லட்சம் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நான் சொன்னது ஐந்து. ஏழாக்கியது அவர். பெரியவர் பேச்சைத் திருத்துவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

11 அக்டோபர், சனி

தீர்ப்பு சொல்லியாயிற்று.

சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். நாலாயிரத்து ஐநூறில் பிடித்தம் போகக் கைக்கு வருவது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். வாடகை ஆயிரத்து நானூறு. மளிகை, மின்சாரம், பஸ், குளிர்கால உடுப்பு, வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு நாலு டிக்கெட். நாலு பேருக்கு மூவாயிரத்து முந்நூற்றைம்பது இல்லாமல் இங்கே மூச்சு விட முடியாது. மாதம் நானூற்றைம்பது துண்டு விழும். "ஊர்லயே ராஜா மாதிரி இருக்கலாம் தம்பி. இங்க வந்து ஏன் கஷ்டப்படணும்?" என்றும் சேர்த்துக்கொண்டேன். அக்கறையோடு சொன்ன மாதிரிதான் இருந்தது.

சசிரேகா எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமியார் பின்னாலேயே போனார். சென்னியப்பன் மட்டும் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். கடைசியில் நிமிர்ந்து, "சரிங்ணா. இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி அனுப்பறீங்களாங்? மறுக்கா பாத்துக்கறனுங்" என்றான். இரண்டு வருடம் படித்த ஜெர்மன் வீண் என்று சொல்லியிருக்கிறேன், ஒரு கோபம் வரவேண்டாமா மனிதனுக்கு? சொரணை கெட்ட ஜென்மம்.

கணக்கில் ஒன்றிரண்டு இடங்களில் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கலாம். பிடித்தத்தைத் தனி ஆளுக்குப் போடுகிற விகிதத்தில் போட்டேன். குடும்பஸ்தனுக்கு வரி குறைவுதான். பாதுகாப்புக்காக அப்படி.

12 அக்டோபர், ஞாயிறு

தாளை அனுப்பினேன். அனுப்பிய பிறகு கோகிலா அதை என் போனில் வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஏனுங்க, மிருதுக்கு மாசாமாசம் அரசாங்கத்துல பணம் வருதே, அது இதுல எங்கீங்க? அவங்களுக்கு ரெண்டு புள்ளைங்க ஆச்சே. ஐநூத்திப் பத்து வருமே?"

"அதெல்லாம் வந்த உடனே கிடைக்காது. நிச்சயமில்லாத வருமானத்தைக் கணக்குல சேர்க்கக் கூடாது" என்றேன்.

"பதினோரு வருசமா ஒரு மாசம் தவறாம வருதுங்க" என்றாள். அதோடு எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். சாதாரணமாக அவள் துணி மடிக்கும்போது ஏதாவது பாட்டு முணுமுணுப்பாள்.

15 அக்டோபர், புதன்

சென்னியப்பனிடமிருந்து செய்தி. "அண்ணா, பிடித்தம் ஆயிரத்து அறுநூறு வராதுன்னு தோணுதுங்க. நான் விகிதமெல்லாம் படிச்சுப் பார்த்தேன். தப்பா இருந்தா சொல்லுங்க." எவ்வளவு கொழுப்பு! வடிகட்டின காப்பியையே ஊதி ஊதிக் குடிக்கிறவன் எனக்கு ஜெர்மன் வரிச் சட்டம் சொல்லித் தருகிறான்.

ஒரே அடியாக வாயை அடைத்துவிட வேண்டும் என்று என் செப்டம்பர் மாதச் சம்பளச் சீட்டையே எடுத்தேன். எத்தனை வகைப் பிடித்தம் என்று கண்ணால் பார்க்கட்டும். தொகை தெரியக்கூடாது அல்லவா? கோகிலாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை கண்ணாடிக்குக் கீழே இருந்தது. மேலே மொத்தச் சம்பளத்தின் மேல் ஒன்று, கீழே கைக்கு வரும் தொகையின் மேல் ஒன்று. நடுவே ஒரு வரி. அதன் மேல் மூன்றாவது. அந்த நடு வரியை ஏன் மறைத்தேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. மெரூன் நிறத்தில் பெரிய பொட்டு, நன்றாகவே மறைத்தது. படம் எடுத்து அனுப்பினேன். கூடவே: "தம்பி, எட்டு வகைப் பிடித்தம். படித்துப் பார்ப்பது வேறு, வாங்கிப் பார்ப்பது வேறு."

பதில் இல்லை. அடங்கிவிட்டான்.

17 அக்டோபர், வெள்ளி

இன்னும் பதில் இல்லை. பாத்திரம் கழுவும் இயந்திரம் போன வாரமே நின்றுவிட்டது. கையால் கழுவினால்தான் பாத்திரம் சுத்தமாகிறது.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

பட்டாசு இல்லாத தீபாவளி, இது பதினொன்றாவது. வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன். சென்னியப்பன். வாழ்த்துச் சொல்லத்தான் என்று எடுத்தேன்.

"ண்ணா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களாங்?"

"இல்லை. சொல்லு."

"அந்தச் சீட்டுல ஓய்வூதியத்துக்குன்னு எரநூத்தி எழுவத்தொம்பது யூரோ புடிச்சிருக்குதுங்ணா. அது அங்க எல்லாத்துக்கும் ஒரே விகிதமுங்களே, நூத்துக்கு ஒம்பது புள்ளி மூணு. சும்மா திருப்பிப் போட்டுப் பாத்தனுங். மொத்தச் சம்பளம் சரியா மூவாயிரம் வருது. நான்தான் தப்பாப் போட்டுட்டன்னு மூணு தடவ போட்டேனுங்."

பொட்டை அங்கே வைத்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினொரு வருடமாக மாதாமாதம் வாங்குகிற சீட்டு.

"வேலை நேரத்தக் கொறைச்சுட்டாங்களாங்ணா? மோட்டார் கம்பெனிகள்ல அங்க அப்படிப் பண்றாங்கன்னு படிச்சனுங்."

"எனக்கு மீட்டிங் இருக்கு" என்றேன்.

"ஒரு நிமிசமுங்ணா. நான் யாருகிட்டயும் சொல்லலீங். சசிகிட்டக்கூடச் சொல்லல. ஆனா மாமாகிட்ட என் வாயால போதும்னு நான் சொல்ல முடியாதுங். சொன்னா உங்க கணக்கு தப்புன்னு ஆயிரும். அது நல்லா இருக்காது. நீங்களா, மறுக்கா பாத்தேன், சரியா வருதுன்னு ஒரு வார்த்த சொல்லீட்டீங்கன்னாப் போதும். கையெழுத்துப் போட்டுருவேன். இல்லீன்னா வுட்டுர்றனுங். இங்கியே பொழச்சுக்கறேன், ஒண்ணும் கொறஞ்சு போகாது." அப்புறம், "நான் வந்தா ரெண்டு குடும்பமும் ஒரே வூடாப் புடிச்சுக்கலாமுங்ணா. வாடகை பாதியாயிரும்" என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன். என்னைப் பார்த்து இரக்கப்படுகிறான். பம்பு கம்பெனிக்காரன், கடைசிப் பந்திக்காரன், எனக்கு வாடகையில் பாதி கொடுக்கிறேன் என்கிறான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆயிரம் பதில் இருந்தது.

21 அக்டோபர், செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

22 அக்டோபர், புதன்

எதையும் சொல்லாமல் இருந்துவிட்டால் போதும். முப்பத்தொன்றாம் தேதி தானாகப் போய்விடும். அவனே சொல்லிவிட்டானே, ஒன்றும் குறைந்து போகாது என்று.

23 அக்டோபர், வியாழன்

காலை ஐந்தே முக்காலுக்குக் கோகிலா கிளம்பிக்கொண்டிருந்தாள். நானும் எழுந்திருந்தேன். மேசை இழுப்பறையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பஸ் அட்டையைத் தேடியவள் கையில் சம்பளச் சீட்டு அகப்பட்டிருக்கிறது. பொட்டுகளை எடுக்க மறந்திருந்தேன்.

"ஒரு வாரமா பொட்டக் காணோம் பொட்டக் காணோம்னு தேடறேன்" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். சத்தம் போடவில்லை. மிருதுளா தூங்கிக்கொண்டிருந்தாள், ஹாலில்தான் அவளுக்குக் கட்டில்.

"ஜூன்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாளு வூட்ல இருக்கறீங்க. சேத்து வச்ச லீவுன்னீங்க, சரின்னேன். வூடு மாத்தறப்ப பெருக்கச் சுலபம்னீங்க, அதுக்கும் சரின்னேன். நானென்ன மாக்கானுங்களா? விடிய முன்னால எந்திரிச்சு ரொட்டிக்கடைக்குப் போறது பொழுது போகாமயா?"

"கோகிலா, அது..."

"பத்தாதுன்னு நீங்க சொன்னது அவங்க சம்பளத்தையா, நம்ம சம்பளத்தையாங்க?"

நான் திறந்து கிடந்த இழுப்பறையை மூடினேன்.

"போன வருசம் எனக்குப் பதினஞ்சு நாளு காச்சல். கஞ்சி வெக்க ஆளில்லாம நானே எந்திரிச்சு வெச்சேன். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க, உங்களச் சொல்லல. என் தங்கச்சி முப்பது கிலோமீட்டர்ல இருக்கப் போறான்னு இருந்தேன். இந்த வூட்ட வந்து பாத்துருவாங்கன்னு நீங்க அதக் கெடுக்கறீங்க."

சீட்டில் மேலே ஒட்டியிருந்த பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்து, கண்ணாடியைப் பார்த்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். சீட்டை மேசையிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மறைப்பு போனதால் அந்த எண் வெறுமனே தெரிந்தது. 3000. அவள் மத்தியானம் திரும்பி வரும்வரை அது அங்கேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை.

24 அக்டோபர், வெள்ளி

ஜூன் மாதத்திலிருந்து எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைவு. எங்கள் பிரிவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. குறைந்த பங்கில் ஒரு பகுதியை அரசாங்கம் தருகிறது. அதுதான் சீட்டின் நடு வரி. ஐயாயிரம் இருந்தது, மூவாயிரமாகிவிட்டது. அடுத்த ஏப்ரலில் ஆளையே குறைப்பார்கள் என்று பேச்சு.

இவ்வளவுதான் விஷயம். நான்கைந்து வரிகளில் முடிந்துவிட்டது. இதை எழுத ஐந்து மாதம் ஆகியிருக்கிறது எனக்கு. குழுவில் "போதுமா?" என்று கேட்டவர்களையெல்லாம் முட்டாள் என்று நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் கேட்டவன் முட்டாளா? பாட்டில் பொறுக்கி அதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்தவன் யார்?

25 அக்டோபர், சனி

நானே கூப்பிட்டேன். எல்லோரையும் வரச் சொன்னேன். அதே கட்டில், அதே ஆறு பேர். சசிரேகாவின் முகம் வீங்கியிருந்தது. நான் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

சொல்லவேண்டியதை முதல்நாளே தயார் செய்து வைத்திருந்தேன். மறுபடி பார்த்தேன், ஒரு வரி விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்த்தால் சரியாக வருகிறது. அவ்வளவு போதும். முதல் இலையும் என்னிடமே இருக்கும். அப்படித்தான் ஆரம்பித்தேன். "மாமா, அந்தக் கணக்கை மறுபடி பார்த்தேன். ஒரு வரி..."

நான் முடிக்கும் முன்பே சென்னியப்பன் முந்திக்கொண்டான். "ஆமாங் மாமா, அன்னைக்கு அண்ணன் சொல்றப்ப நான்தான் அந்த ஒரு வரிய எழுதிக்காம வுட்டுட்டனுங். எம்மேலதான் தப்பு." வேகவேகமாகத் தலையாட்டினான். என் பொய்யைத் தன் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்ள அவனுக்கு அவ்வளவு அவசரம். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"தம்பி, நீ சும்மா இரு" என்றேன். "மாமா, அவர் ஒண்ணும் விடலை. பிள்ளைங்களுக்கு அரசாங்கம் தர்ற பணத்தை நான்தான் வேணும்னே எழுதாம விட்டேன். பிடித்தத்தையும் கூட்டிச் சொன்னேன். எனக்கு இப்ப வாரத்துல மூணு நாள்தான் வேலை. சம்பளம் மூவாயிரம் யூரோ. ஏழு லட்சம் எப்பவுமே இருந்ததில்லை. அவருக்குத் தர்றது நாலாயிரத்து ஐநூறு. குடும்பத்தோட வர்றதுக்கு அது போதும்."

மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், பதின்மூன்று வயது மகள் பக்கத்தில் நிற்க, மாமனார் முன்னால். உடம்பெல்லாம் எரிகிற மாதிரி வெட்கம்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மாப்ள, சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க மாமா."

"மணி என்ன ஆச்சு அங்க. மொதல்ல சாப்புடுங்க போங்க" என்றார்.

போனைக் கோகிலா என் கையிலிருந்து வாங்கினாள். தங்கையைக் கூப்பிட்டு, போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கினாள். ஹாலில் மிருதுளாவின் கட்டில், துணி காயும் கம்பி, நின்றுபோன பாத்திர இயந்திரம், எதையும் விடவில்லை. "இங்க ஒரு பாய் போட்டா நீயும் நானும் புள்ளைங்களும் படுத்துக்கலாம்டி" என்றாள். ஐந்தே நிமிடத்தில் வீடு முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

31 அக்டோபர், வெள்ளி

கையெழுத்துப் போட்டாயிற்று. சென்னியப்பன் படம் அனுப்பியிருக்கிறார். முழுப் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறார். அந்தப் பெயரை வாசிப்பதற்குள் அந்தக் கம்பெனி மேலாளருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

மாமனார் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார். "மாப்ள, கடைல வந்து கேக்கறவங்களுக்கு இனி ஏழுன்னு சொல்லமாட்டேன். மூணுன்னும் சொல்லமாட்டேன். நல்லா இருக்கறாருன்னு சொல்லிக்கறேன்." மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

30 டிசம்பர், செவ்வாய்

டைரியில் இன்னும் ஒரு பக்கம்தான் மிச்சம். கறவை மாடுகளோடு ஒரு வருடம் ஓடிவிட்டது.

ஜனவரி பதினெட்டில் நான்கு பேரும் வருகிறார்கள். சென்னியப்பன் இங்கே இறங்காமல் பிராங்பர்ட்டில் இறங்குகிறாராம், டிக்கெட் எண்பது யூரோ குறைவாம். அங்கிருந்து ரயிலுக்கு நாலு பேருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அதக் கூட்டலீங்ணா" என்றார். எனக்கு அன்று முழுவதும் நல்ல சந்தோஷம்.

வேலை இன்னும் மூன்று நாள்தான். ஏப்ரலில் என்ன ஆகும் என்று தெரியாது. குழுவில் இன்று ஒரு பெண் கேட்டிருந்தாள், நாற்பத்தொன்பதாயிரத்துக்குக் கணவன், மூன்று பிள்ளைகளோடு வரலாமா என்று. பழைய பதிலை ஒட்டப் போனேன். அப்புறம் அழித்துவிட்டு, வாடகையிலிருந்து பிள்ளைகளுக்கான பணம் வரை எல்லாவற்றையும் வரிவரியாக எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நன்றி என்று ஒரு வார்த்தை போடவில்லை அவள். நாகரிகம் தெரியாத கூட்டம்.

பிள்ளைகளுக்கான பணத்துக்கு விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருக்கிறேன். புது வருடத்திலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் ஐநூற்றுப் பதினெட்டு. அவர்கள் வந்த பிறகுதான் கொடுக்க முடியும் என்றாலும், எழுத முடிந்ததை இன்றே எழுதினேன். சென்னியப்பன் எழுதினால் ஒரு வாரம் ஆகும், ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று தடவை சரிபார்ப்பார். முதல் பெண், தன்யாஸ்ரீ. இரண்டாவது பெண், கனிஷ்கா. பிறந்த ஊர் நம்பியூர், நம்பியூர். ஜெர்மனியில் முகவரி என்ற இடத்தில் எங்கள் வீட்டு முகவரியை எழுதினேன். மூன்றாவது மாடி, இடதுபக்கக் கதவு.